பின்னால் வந்த ஸ்கூட்டர்

வெள்ளறடையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு வந்த பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த வாடகைக்கார் ஓட்டுநர் தன்னைப்போலவே வண்டி ஓட்டும் சேக்காளியிடம் சொன்னார்: "எனக்க வண்டிக்க பொகை முழுசும் எனக்க பெண்டாட்டி குடிச்சா மக்கா."

"எதுக்குலே?"

"பழைய வண்டியில்லியா, எஞ்சினு ஆயிலு குடிச்சுது. பிஸ்டன் ரிங்கு போச்சு, எஞ்சின எறக்கணும்ண்ணு மெக்கானிக்கு சொன்னாரு. அந்தச் செலவுக்குப் பயந்து நான் பழைய இரும்புக்குக் குடுக்கத் துணிஞ்சேன். நமக்குச் சோறு போடுத வண்டியாக்கும். அப்படிண்ணு சொல்லி அவ விடல்ல. எப்பம் பொகை வருதுண்ணு பாக்கணும்ண்ணு, மலைரோடு முழுக்க ஸ்கூட்டர்ல எனக்கப் பின்னாலயே வந்தா."

"பாத்தாளா?"

"ஏத்தத்துல பொகையே இல்லியாம். எறக்கம் முடிஞ்சு ஆக்ஸிலேட்டரச் சவுட்டும்போ மட்டும் நீலமாட்டு ஒரு கொத்து வருதாம். அதக் கேட்டதும் மெக்கானிக்கு மறுபடியும் பானெட்டத் தொறந்தாரு. ரிங்கு போனா ஏத்தத்துலதான் பொகையுமாம். இது வால்வு சீலு, ஆயிலத் தடுக்குத விரல் நுனியளவு ரப்பரு! எஞ்சின எறக்காமலே மாத்தியாச்சு. இப்பம் ஆயிலு கொறையல்ல."

அமரவிளை தாண்டியதும் சேக்காளி தாழ்ந்த குரலில் கேட்டார்:

"எலே, எனக்க வண்டிக்குப் பின்னாலயும் ஒனக்க வீட்டு மயினி ஒருக்கா வருவாவளா?"