அறிவிப்புக்கு ஒரு மைக்

உடையப்பன்: இதுவும் கரகரங்குதே காஜா. நாலாவது மைக்கு.

காஜா மைதீன்: மூணாவதுண்ணே.

சுடர்விழி: ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் பேசுங்க. காலையில இருந்து...

உடையப்பன்: நான் தண்ணி குடிச்சா மைக்கு நல்லாயிருமா?

காஜா மைதீன்: முதல்ல எதுக்குன்னு சொல்லுங்கண்ணே. பாட்டா, ஆன்லைன் கிளாஸா? அதுக்குத் தக்கன எடுப்போம்.

உடையப்பன்: அறிவிப்பு. ராக்கன் ஆட்டோல ஸ்பீக்கர் கட்டிக்கிட்டுப் போறான்ல... கடை திறப்பு, கண் முகாம், சாவு சேதி... அதெல்லாம் பேசிக் குடுக்குறது நாந்தான். முன்ன கேசட்டு. இப்ப வீட்டுக் கம்ப்யூட்டரு.

காஜா மைதீன்: அட, அது நீங்கதானா? இந்தக் கடை திறந்தப்பவும் நீங்கதாண்ணே பேசுனீங்க. கீரமங்கலம் பூரா கேட்டுச்சு.

உடையப்பன்: அப்பக் குரலு கணீர்னு இருந்துச்சுல்ல?

காஜா மைதீன்: ம்... இருந்துச்சுண்ணே.

சுடர்விழி: இப்பவும் நல்லாத்தான் இருக்கு. பழைய ஹெட்போன் மைக்கு போயிருச்சு, அவ்வளவுதான் தம்பி.

உடையப்பன்: கட்டுன பொண்டாட்டி. ஆறு மாசமா இதையேதான் சொல்றா.

காஜா மைதீன்: சரி... இது சட்டையில மாட்டுறது, வேணாம். இது கண்டென்சர். நல்லா இழுக்கும். ஆனா கொல்லையில கோழி கூவுனாலும் சேத்து இழுத்துரும். இந்தா, இது டைனமிக். வாய்க்கிட்ட வச்சுப் பேசுனாப் போதும், பக்கத்துச் சத்தம் அவ்வளவா ஏறாது. யூஎஸ்பி வயரு. நேரா கம்ப்யூட்டர்ல சொருகிக்கலாம்.

சுடர்விழி: வெல?

காஜா மைதீன்: ரெண்டாயிரத்து முந்நூறு. டேபிள் ஸ்டாண்டு, பஞ்சு உறை எல்லாம் சேத்து.

சுடர்விழி: வேணாங்க. சின்னதா ஒன்னு எடுத்துக்குவோம்.

உடையப்பன்: இரு. பேசிப் பாத்துருவோம். "செரியலூர் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு..." க்கும்... "ஓர் அறி..." போடு, கேப்போம்.

காஜா மைதீன்: ...கேட்டீங்களாண்ணே?

உடையப்பன்: கேட்டேன்.

காஜா மைதீன்: தப்பா நெனைக்காதீங்க. மைக்கு மேல...

சுடர்விழி: வேற கம்பெனி காட்டுங்க தம்பி.

காஜா மைதீன்: இல்லக்கா, எல்லா மைக்லயும் ஒரே...

சுடர்விழி: வேற காட்டுங்கன்னேன்ல.

உடையப்பன்: அவன ஏன் அதட்டுற? புதுக்கோட்டையில டாக்டர்கிட்டக் காட்டியாச்சு காஜா. கத்திக் கத்தித் தொண்டைக்குள்ள காப்பு காய்ச்சுப்போச்சாம். பேச்சைக் கொறைக்கச் சொல்லிட்டாரு.

காஜா மைதீன்: அப்ப கொஞ்ச நாள் சும்மா இருக்கலாம்லண்ணே.

உடையப்பன்: நான் சும்மா இருந்தா ராக்கன் வேற ஆளைப் பிடிச்சுக்குவான். எழுதிக் குடுத்தா போனே வாசிக்குதாம்ல, அங்கிட்டுப் போயிருவான். அதோட இந்தத் தொழில் முடிஞ்சுச்சு.

சுடர்விழி: ராக்கன் போகமாட்டான். வாரத்துக்கு மூணு அறிவிப்பு ஒங்ககிட்டதானே இன்னும் வருது?

உடையப்பன்: வருது... வருது. சுடரு, நீ இதுல ஒருவாட்டி பேசு.

சுடர்விழி: நானா? எனக்கெதுக்கு...

உடையப்பன்: என் தொண்டைய வச்சு மைக்கப் பத்தி ஒன்னும் சொல்ல முடியல. நல்ல தொண்டை பேசுனாத்தான் தெரியும்.

காஜா மைதீன்: அது சரிதாங்கா. இங்கிட்டு வாங்க. நாலு விரக்கடை தள்ளி நின்னுக்கங்க.

சுடர்விழி: என்னத்தப் பேச...

காஜா மைதீன்: வாயில வர்றதப் பேசுங்க.

சுடர்விழி: "செரியலூர் கீழத்தெருவைச் சேர்ந்த... சோலையப்பன் அவர்கள், இன்று காலை இயற்கை எய்தினார். அன்னாரது இறுதி ஊர்வலம், மாலை நான்கு மணியளவில், அவரது இல்லத்திலிருந்து புறப்படும் என்பதை..." போதுமா?

காஜா மைதீன்: யக்கா... ஒரு துண்டுத் தாள்கூட இல்லாம. மூச்சு விடுற எடம் மொதக்கொண்டு அப்படியே...

சுடர்விழி: இருபத்திரண்டு வருசமா இவரு பேசுறதக் கேட்டுக்கிட்டேதானே சோறு வடிச்சேன்.

காஜா மைதீன்: மைக்கு சுத்தமான மைக்குண்ணே. பாத்தீங்கள்ல.

உடையப்பன்: இதையே குடு.

காஜா மைதீன்: புதுசு மாடியில இருக்கு. எடுத்துட்டு வாரேன், ஒக்காருங்க.

சுடர்விழி: ...எதுக்குங்க இவ்வளவு போட்டு? இதுல பேசுனாலும்...

உடையப்பன்: ம். சொல்லு.

சுடர்விழி: ஒன்னுமில்ல.

உடையப்பன்: அவன் மேல போயிட்டான். சொல்லு. எனக்கும் அசந்துபோச்சு, ஒனக்கும் அசந்துபோச்சு.

சுடர்விழி: திட்டக் கூடாது.

உடையப்பன்: திட்ட எங்க தொண்டை இருக்கு?

சுடர்விழி: ஆறு மாசமா ஆட்டோல போறது ஒங்க குரல் இல்லங்க. சனங்களுக்கு வெளங்கலன்னு ராக்கன் சொல்லிட்டான். நீங்க அனுப்புறத வாங்கி வச்சுக்கிட்டு... நான் போன்ல பேசி அனுப்புறதத்தான் போடுறான். பொம்பளக் குரல்ல சாவு சேதி போகக் கூடாதும்பீங்க. அதான்...

உடையப்பன்: தெரியும்.

சுடர்விழி: தெரியுமா... தெரிஞ்சுக்கிட்டா ஒவ்வொருவாட்டியும் கத்திக் கத்தி அனுப்புனீங்க?

உடையப்பன்: நிறுத்துனா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு ஒனக்குத் தெரிஞ்சுரும்ல. என் கூட்டாளி ஆத்மநாதன் செத்த அன்னிக்கு டீக்கடையில நிக்கிறேன், ராக்கன் ஆட்டோ வருது... அவன் பேரை நீ சொல்ற. கேட்டு அங்கனயே அழுதுட்டேன் சுடரு. நான் பேசி யாரும் அப்படி அழுததில்ல. இந்த மைக்கு ஒனக்குத்தான் வாங்குறேன். இனிமே அடுப்படிக் கதவச் சாத்திக்கிட்டுப் பேசாத... கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்து பேசு.