இடது லீவர், வலது லீவர்

இல்ல மேடம், பந்து போட்டுப் பிடிக்கிறதுல எனக்கு ஒண்ணும் பயமில்ல. அம்பத்திமூணு வயசுல மூணு பந்த வச்சிக்கிட்டு நின்னா பாக்கறவன் சிரிப்பான். சிரிச்சிட்டுப் போகட்டும். ஆறு வாரம் பழகணும், முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ மண்டையப் படம் எடுப்பீங்க, அவ்வளவுதானே? எடுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுக் கையெழுத்து போட்டுடறேன். புதுசா கைப்பழக்கம் ஒண்ணு வந்துட்டா மூளையே மாறிடும்னீங்களே, அப்ப பழைய பழக்கம் எங்க போகும்?

போகாதா? அதுவும் உள்ளதான் இருக்குமா? ஓ... சில நேரம் இது முந்தும், சில நேரம் அது முந்தும். சரி சரி.

தொழில்னு கேட்ட இடத்துல மெஷின் ஆபரேட்டர்னு எழுதியிருக்கேன் பாருங்க. மண்ணு தோண்டற மெஷின். நீளமா ஒரு இரும்புக் கை இருக்கும், பூம்னு சொல்வோம், நுனியில பக்கெட்டு. ரோட்டோரம் பாத்திருப்பீங்க. உள்ள ரெண்டு கைக்கு ரெண்டு லீவர். பத்தொம்பது வருஷம் ஒரே மெஷின் ஓட்டினேன். இடது லீவர இழுத்தா பூம் மேல தூக்கும். வலத இழுத்தா பக்கெட்டு உள்ளாற, நம்ம பக்கமா வரும். யோசிக்கவே மாட்டேன். நடக்கறப்ப எந்தக் கால முதல்ல வைக்கறதுன்னு நீங்க யோசிப்பீங்களா என்ன?

கூட என் மாப்ள. தங்கச்சி வீட்டுக்காரர். குழிக்குள்ள இறங்கிக் குழாய் பதிக்கிறது அவர் வேல. மேல நான், கீழ அவர், பன்னெண்டு வருஷம். திரும்பிக்கூடப் பாக்க மாட்டார். கட்டை விரல மேல காட்டுவார், நான் தூக்குவேன். வாய் மட்டும் சும்மா இருக்காது அவருக்கு. நாள் முழுக்க சாஞ்சு உக்காந்தே சம்பாதிக்கிற மனுஷன் நம்ம குடும்பத்துல நீங்க ஒருத்தர்தான் மச்சான்னு குழிக்குள்ளேருந்து கத்துவார்.

அப்புறம் முதலாளி புது மெஷின் வாங்கினார். ஏசி, பெரிய கண்ணாடி, சோபா மாதிரி சீட்டு. ஆனா லீவர் மாத்தி இருந்துச்சு. பூம் தூக்கறது வலது கைக்கு வந்துடுச்சு, பக்கெட்ட உள்ள இழுக்கறது இடதுக்குப் போயிடுச்சு. ஆமா மேடம், ரெண்டு விதமாவும் செய்யறாங்க. மொத வாரம் நான் பட்ட பாடு இருக்கே! ஒரு வேலியச் சாச்சேன். நிறுத்தியிருந்த லாரிக் கதவ நசுக்கினேன். மாப்ள குழிக்குள்ள இறங்கவே மாட்டேன்னுட்டார். உங்க வலது கை இப்பதான் ஒண்ணாங்கிளாஸ் சேந்திருக்கு மச்சான், பாஸ் பண்ணட்டும், அப்புறம் இறங்கறேன்னார்.

ஆனா சொல்லிக் குடுத்தவரும் அவர்தான். சாயந்தரமானா என்ன நாற்காலியில உக்கார வச்சு, ரெண்டு கையிலயும் ரெண்டு கரண்டியக் குடுத்துட்டு எதுத்தாப்புல நிப்பார். கட்டை விரல் மேல போகும், நான் வலது கரண்டிய இழுப்பேன். தப்பா இழுத்தா தங்கச்சி விழுந்து விழுந்து சிரிப்பா. ஒரு மாசத்துக்கு மேல இதே கூத்து. அப்புறம் ஒரு நாள் சைட்ல தானா வந்துடுச்சு மேடம். யோசிக்கல. விரல் மேல போச்சு, வலது கை இழுத்துச்சு. குழிக்குள்ள நின்னு கை தட்டினார்.

ஏழு மாசம் நல்லா ஓடுச்சு. அப்புறம் புது மெஷின்ல ஆயில் ஒழுகுதுன்னு சர்வீசுக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டு நாளைக்குப் பழசையே எடுத்துக்கன்னார் முதலாளி. எனக்கென்ன, பத்தொம்பது வருஷம் கட்டி மேய்ச்ச மெஷின். காலையில ஒரு குறையும் இல்ல. சாப்பாட்டுக்கு முன்னாடி, பின்னால ஒரு லாரிக்காரன் ஹாரன அமுக்கிக்கிட்டே இருந்தான். மாப்ள குழிக்குள்ள, எனக்கும் பக்கெட்டுக்கும் நடுவுல. விரல் மேல போச்சு.

பக்கெட்டு மேல போகல. உள்ள வந்துச்சு.

தண்ணியெல்லாம் வேணாம் மேடம். நீங்க உக்காருங்க. நாலு வருஷமாச்சு.

விசாரணை வச்சாங்க. லீவர் மாட்டிக்கிச்சுன்னு சொன்னேன். பழைய மெஷின்தானேன்னு எல்லாரும் தலைய ஆட்டினாங்க. விபத்துக்கு முந்தின நாள்தான் மெக்கானிக் அந்த லீவரக் கழட்டிப் பூட்டியிருந்தான். அவன வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. பாவம், அவனுக்கே சந்தேகம் வந்துடுச்சு, ஏதோ ஒரு நட்ட சரியா முறுக்கலயோன்னு. ஒரு வாரம் கழிச்சு வீட்டுக்கு வந்தான். வாசல்ல மண்டி போட்டு, என் கைதான்க்கா கொன்னுடுச்சுன்னு தங்கச்சிகிட்ட அழுதான். அவ கதவச் சாத்திட்டா. நான் உள்ளதான் இருந்தேன். கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்.

அதுக்கப்புறம் அவன் கையில எவனும் ஸ்பேனரக் குடுக்கல. பஸ் ஸ்டாண்டு வாசல்ல பழம் விக்கிறான். என்னப் பாத்தா எழுந்து நிக்கிறான் மேடம். எழுந்து நிக்கிறான்.

தங்கச்சி இன்னிக்கும் எனக்குத்தான் முதல்ல சோறு போடறா. அண்ணனாவது மிஞ்சினாரேன்னு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்றா. வெளிய எங்கயும் போக முடியல எனக்கு. பஸ்ல எவனாவது யாருக்காவது கட்டை விரலத் தூக்கிக் காட்டினா போதும், என் வலது கை தானா முன்சீட்டுக் கம்பியப் பிடிச்சு இழுக்குது. இடது கை செத்த மாதிரி கெடக்குது.

ஆமா மேடம். லீவர் மாட்டவே இல்ல. வழுவழுன்னு வந்துச்சு. அந்தப் பையன் நல்லா வேல தெரிஞ்சவன்.

அதான் உங்க நோட்டீஸப் பாத்துட்டு வந்தேன். மூளையப் படம் எடுக்கறோம்னு போட்டிருந்துச்சு. எந்தக் கை முந்துச்சுன்னு உள்ள எங்கயாவது பதிஞ்சிருக்கும், நீங்க பாத்துட்டு ஒரு காகிதத்துல எழுதிக் குடுப்பீங்க, அதக் கொண்டுபோய் தங்கச்சி கையில நீட்டிடலாம், நான் பேச வேண்டியதில்லன்னு நெனச்சேன்.

தெரியாதா? அன்னிக்கு நடந்தது எதுவுமே படத்துல தெரியாதா?

ஐயோ, அதுக்கு நீங்க ஏன் வருத்தப்படறீங்க... அப்ப நானேதான் சொல்லணும்.