கடல் ஓரமா வெட்டின குழி

அட, நல்லா சிரிங்க சார், நானே சிரிக்கிறேன்ல? இதை வீட்டுல சொன்னா என் பொண்டாட்டி பாதியிலேயே பிடுங்கிக்கிட்டு அவளே சொல்ல ஆரம்பிச்சிடுவா. அதான் காத்து வாங்கலாம்னு உங்களை இந்தக் கரைக்கு இழுத்துட்டு வந்தேன். பதில் சொல்றேன், பொறுங்க. உங்க பையனுக்கு என் பொண்ணு மிசுயோவைக் கேட்டு அமெரிக்காவுலேந்து வந்திருக்கீங்க, சும்மா அனுப்பிடுவேனா? ஆனா ஒரு வருஷமா நான் ஏன் முடியாது முடியாதுன்னேன்னு உங்களுக்குத் தெரியணும்ல.

எங்க விட்டேன்? ஆங், படை. பன்னிரண்டாம் மண்டலப் படைன்னு பேரு. நாப்பத்தஞ்சு பிப்ரவரியில புதுசா உண்டாக்கினாங்க. டோக்கியோவையும் சுத்தியிருக்கிற கரையையும் காப்பாத்தணும். பேரைக் கேட்டா ஆனை வர்ற மாதிரி இருக்கா? வந்தது நாங்க! பாதிப் பேருக்குத் துப்பாக்கி கிடையாது. தண்ணிக் குடுவை மூங்கில்ல. மண்வெட்டி ஊர்க்காரங்க கிட்ட இரவல். நான் ஷினானோ மலைக்காரன் சார், கடலையே அன்னிக்குத்தான் பாக்குறேன்.

எங்க சார்ஜெண்ட் சகாமகியும் மலைக்காரருதான். ஆளுக்கொரு குழி வெட்டு, கழுத்து வரைக்கும் உள்ள இறங்கு, எதிரி டாங்கி வந்தா வெடிப்பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அடியில பாயுன்னாரு. பெட்டியா? அது அப்புறம் வருமாம், பழகிக்கிறதுக்கு மரப்பெட்டி குடுத்தாங்க. ஈர மணல் வெட்டச் சொகமா இருக்கேன்னு நாங்க முன்னேறி முன்னேறி, இதோ இங்க வரைக்கும் வந்துட்டோம்.

மத்தி மீன் காயவச்சுக்கிட்டிருந்த பொண்ணுங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குறாளுக. ஒருத்தி மட்டும் கத்தினா, ஏய் மலைக்காரா, சாயங்காலம் கடல் ஏறும், அங்க போய் ஏண்டா வெட்டுறேன்னு. சார்ஜெண்ட் விடுவாரா? நீ மீனைப் பாரு, போரை நாங்க பாத்துக்கறோம்னுட்டாரு.

குழியை விட்டு ஏறக்கூடாதுன்னு உத்தரவு. அசதியில தூங்கிட்டேன். அப்புறம் என்ன, கடல் சொன்னபடி வந்துச்சு! மணல் சரிஞ்சு நெஞ்சு வரைக்கும் புதைஞ்சுபோயிட்டேன். வலைக்கயிறைப் போட்டு என்னை இழுத்தவ அந்தக் கத்தினவதான். இழுத்துப் போட்டுட்டு, நாட்டைக் காப்பாத்த வந்த மூஞ்சியைப் பாருன்னா. இன்னிக்கு வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கா. ஆமா சார், உங்களுக்கு டீ ஊத்திக் குடுத்தாளே, அவளேதான். ஆகஸ்ட்ல போர் முடிஞ்சு எல்லாரும் ஊருக்குக் கிளம்பினாங்க. நான் ரயிலடி வரைக்கும் போயிட்டு, இவகிட்டயே திரும்பி வந்துட்டேன்.

உங்க பையன் தங்கமான பையன் சார். குறை சொன்னா என் நாக்கு அழுகிப்போயிடும். போன புத்தாண்டுக்கு வந்திருந்தப்ப, மோச்சிக் கொழுக்கட்டையைக் கடிச்சுக்கிட்டே சும்மா பேச்சுவாக்குல சொன்னான். போர் மட்டும் முடியலேன்னா எங்கப்பா இறங்க வேண்டியது இந்தக் கரைதான், உங்க பாஷையைக்கூட பட்டாளத்துல அதுக்காகத்தான் படிச்சாருன்னான். நான் கையில எடுத்த மோச்சியைத் தட்டுலயே திருப்பி வச்சுட்டேன். மறுநாள்லேந்துதான் கல்யாணப் பேச்சு எடுத்தாலே முடியாதுன்னேன். கோவமெல்லாம் இல்ல சார். உங்க முகத்தை எப்படிப் பாக்குறதுன்னு பயம். அந்தக் குழிக்குள்ள கழுத்து வரைக்கும் நின்னு நான் காத்துக்கிட்டிருந்தது உங்களுக்காகத்தானே?

பாத்தாச்சு இப்ப. நல்ல முகமாத்தான் இருக்கு.

ஐயோ, அங்க நிக்காதீங்க, கடல் ஏறுது பாருங்க! ஷூ நனைஞ்சிடும், இப்படி மேல வாங்க. மலைக்காரன் சொல்றானேன்னு நினைக்காதீங்க, இதுல நான் பட்டுத் தெரிஞ்சவன். கையைக் குடுங்க. வீட்டுல நமக்குக் குடிக்க சாக்கே சாராயத்தைச் சூடு பண்ணச் சொல்லியிருக்கேன், எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்க. மெதுவா, பாத்து ஏறி வாங்க சம்பந்தி.