தண்ணீர்த் தொலைபேசி ஆய்வு குறித்துக் கத்தரின் கொடுத்த வாக்குமூலம்

பெயர்: கத்தரின், தந்தை பெயர் அருள்நாதன். வயது: 41. தொழில்: தனியார் கல்லூரி விரிவுரையாளர். முகவரி: தாமான் செம்பாக்கா, கெலாங் பாத்தா, ஜொகூர். பதிவு செய்த இடம்: கூலாய் போலீஸ் நிலையம். பதிவு செய்தவர்: சார்ஜன் மணியம். வாக்குமூலம் அளிப்பவர் கேட்டுக்கொண்டபடி தமிழில் எழுதப்பட்டது.

நான் மேற்படி முகவரியில் என் கணவர் தோமஸுடன் வசித்து வருகிறேன். கூலாய்க்கு அருகே செம்பனைத் தோட்டம் வைத்திருக்கும் நிறுவனத்தின் நன்கொடை அமைப்பான அறவாரியம் என்மேல் புகார் கொடுத்திருப்பதாகவும், அவர்களுக்குச் சொந்தமான ஆய்வுத் தரவை நான் அழித்துவிட்டேன் என்பதே அந்தப் புகார் என்றும் எனக்கு விளக்கப்பட்டது. அழித்தது உண்மை. எதை அழித்தேன், எதை அழிக்கவில்லை என்பதை முறையாகச் சொல்கிறேன்.

என் ஆய்வு தொலைபேசியைப் பற்றியது. தோட்டத்தில் இருப்பவர்கள் ஓர் எண்ணை அழைத்து, குழாயில் தண்ணீர் வந்ததா, எந்த நிறத்தில் வந்தது, வாடை இருக்கிறதா என்று தங்கள் பேச்சுத் தமிழிலேயே சொல்லலாம். கணினி அதைக் கேட்டுப் புரிந்துகொண்டு எந்த லயத்து வீடுகளில் என்ன குறை என்று உடனே தெரிவிக்கும். எழுதத் தெரிய வேண்டாம், இணையம் வேண்டாம், பழைய கைப்பேசி போதும். இதைச் சரியாகச் செய்துவிட்டால் நாடு முழுவதும் எத்தனையோ தோட்டங்களுக்கும் கம்பத்துச் சிற்றூர்களுக்கும் பயன்படும் என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

முதல் மானியம் தீர்ந்த பிறகு ஆய்வு நின்றுவிடும் நிலைக்கு வந்தது. எங்கள் துறைத் தலைவர் டாக்டர் ராஜசேகரன் தனியார் நிறுவனங்களிடம் போய்க் கேட்கச் சொன்னார். அதன் பிறகு நானும் என் ஆய்வு உதவியாளர் ஆட்ரியும் பல அலுவலகங்களுக்கு ஏறி இறங்கினோம். காப்பி கொடுத்தார்கள், சிரித்தார்கள், அனுப்பி வைத்தார்கள். மேற்படி அறவாரியத்தின் மேலாளர் கென்னத் மட்டுமே முழுதாகக் கேட்டார். ஆய்வை அவர்கள் தோட்டத்திலேயே செய்தால் மானியம் தருவதாகச் சொன்னார். தோட்டத்துக்காரரிடமே பணம் வாங்கித் தோட்டத்துத் தண்ணீரைப் பற்றிக் கேட்பதில் இருக்கும் சிக்கல் எனக்குத் தெரியாமல் இல்லை. வேறு கதவு திறக்கவில்லை.

ஒப்பந்தத்தில் தரவு அனைத்தும் அறவாரியத்துக்கே உரியது என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தேன். தரவு என்றால் பெயரும் எண்ணும் நீக்கிய தரவு என்று எனக்கு நானே அர்த்தம் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு தோட்டத்தில் வீடு வீடாகப் போய், உங்கள் பெயர் எங்கேயும் வெளியே வராது என்று ஒவ்வொருவரிடமும் வாக்குக் கொடுத்தேன். அதை நம்பித்தான் பேசினார்கள்.

பிறகு மானியம் வழங்கும் விழாவைத் தோட்டத்துப் பொது மண்டபமான பாலாய்ராயாவில் வைத்தார்கள். பேனர் கட்டி, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவரை அழைத்து, ஆள் உயர மாதிரி காசோலை ஒன்றையும் செய்திருந்தார்கள். பயனாளிகள் இல்லாமல் படம் எடுபடாது என்று கென்னத் சொன்னதால் தோட்டத்து மக்களை ஒரே நிறச் சட்டையில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். கணினி எப்படி வேலை செய்கிறது என்று மேடையில் காட்ட வேண்டியது என் பொறுப்பு. அதற்கு ஒரு பெண்ணின் பதிவைத் தேர்ந்தெடுத்தேன். இருந்ததிலேயே தெளிவான குரல் அதுதான். ஒரு சொல்கூடப் பிசகாமல் கணினி அதைப் பிடித்தது. நானும் ஆட்ரியும் அந்தப் பதிவைச் சோதனைக்காகத் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தோம். கேட்டுக் கேட்டு, அதில் என்ன சொல்லப்படுகிறது என்பதே எங்கள் காதில் விழாமல் போயிருந்தது.

அந்தப் பதிவில் இருந்தது இதுதான்: "தண்ணி வருது. ஆனா மருந்து வாடை அடிக்குது. பூச்சிமருந்து ஸ்டோர தண்ணி எடுக்குற ஓடைக்கு மேல மாத்துனாங்கல்ல, அன்னையிலேருந்து இப்படித்தான். பிள்ளைங்களுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. மேனேஜ்மெண்டு கிட்ட சொன்னா, தண்ணிய காய்ச்சிக் குடின்றாங்க."

குரல் ஒலித்ததும் பாலாய்ராயாவில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் இரண்டாம் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வரிசையில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். அதன் பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. பொத்தானை அழுத்தி நிறுத்தவும் தோன்றவில்லை. மக்கள் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு கூரையையும் காற்றாடியையும் பார்க்க ஆரம்பித்தார்கள். டத்தோ கை தட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது. கென்னத்துக்குத் தெரியும். அவர் கை தட்டாமல் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு எல்லாரும் மாதிரி காசோலையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டோம். நானும் அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

விழா முடிந்ததும் அந்தப் பெண் பாலாய்ராயாவின் பின்பக்கம் என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை. "பேரை எடுத்துட்டோம்னு சொன்னீங்களே டாக்டர், என் தொண்டைய எடுக்கலயே" என்றார். அவர் இருப்பது நிறுவனம் கொடுத்த வீடு. வேலை போனால் வீடும் போகும், போவதற்கு வேறு இடம் அவருக்கு இல்லை. அவர் குரல் ஏன் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும் என்பதை நான் இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் பெயரைச் சொன்ன மாதிரிதான்.

மறுநாள் கென்னத் என்னைத் தொலைபேசியில் அழைத்து, எல்லாப் பதிவுகளையும் பேசியவர்களின் எண்களோடு கொடுக்கச் சொன்னார். "நாங்க அந்த அம்மாவுக்கு ஹெல்ப் பண்ணத்தான்லா கேக்குறோம் டாக்டர்" என்றார். உதவி செய்யத் தண்ணீரைச் சோதித்தால் போதுமே, ஆள் எதற்கு என்று கேட்டேன். அதற்கு அவர் ஒப்பந்தத்தில் உள்ள வரியை வாசித்துக் காட்டினார். அழைப்பு முடிந்தவுடன் பேசியவர்கள் அனைவரின் எண்களையும் நான் கணினியிலிருந்து அழித்தேன். பதிவுகளைத் தொடவில்லை. ஆட்ரிக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதன் பிறகு நானே கென்னத்தை அழைத்து, எண்களை அழித்துவிட்டதைச் சொன்னேன். ஒளித்து மறைத்து எதுவும் செய்யவில்லை.

அதன் பிறகு தோட்ட நிர்வாகம் அந்த ஐந்து பெண்களையும் தனித்தனியே கூப்பிட்டு விசாரித்தது. யாரும் வாய் திறக்கவில்லை. தோட்டம் முழுவதற்கும் தெரிந்த விஷயம், ஆபீசுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. பிறகு பழுது பார்க்க வேண்டும், வீட்டைக் காலி செய்யுங்கள் என்று ஐந்து பேருக்கும் அறிவிப்பு வந்தது. அந்த ஐந்து வீடுகளும் ஒன்றுக்கொன்று பக்கத்தில்கூட இல்லை. பழுது எப்படி அந்த ஐந்தை மட்டும் தேடிப் பிடித்தது என்று நான் நிர்வாகத்தைக் கேட்டேன். 

டாக்டர் ராஜசேகரன் என்னை அறைக்குக் கூப்பிட்டு, பெயரைச் சொன்னால் அறவாரியம் புகாரை மீட்டுக்கொள்ளும், மற்ற நால்வருக்கும் வீடு நிற்கும், ஆய்வும் நடக்கும் என்றார். "ஒரு பேருதானே கத்தரின். ஒருத்தருக்காக நாலு குடும்பத்தை ரோட்டுல விடுவீங்களா?" என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கும் அன்று அது நியாயமாகத்தான் பட்டது, அதை மறைக்க மாட்டேன். என் வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது.

ஆகவே நான் காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ராஜசேகரன் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கைவேலையை நிறுத்தாமல் கேட்டார். கேட்டுவிட்டு, "மொதல்ல என் பேச்ச மெஷினுக்குப் போட்டுக் காட்டுனீங்க. அப்புறம் டத்தோவுக்குப் போட்டுக் காட்டுனீங்க. இப்ப என் பேரையும் நீங்களே சொல்லப் போறீங்களா? எனக்கு வாய் இல்லயா?" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. திரும்பி வந்தேன்.

இன்று நான் இங்கே வந்தபோது அந்த ஐந்து பெண்களும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். யாரும் அவர்களை அழைக்கவில்லை, தாங்களாகவே வேன் பிடித்து வந்திருக்கிறார்கள்.

கேள்வி: பதிவில் உள்ள குரல் யாருடையது?

பதில்: சொல்ல மாட்டேன். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஐந்து பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குப் பிறகு அவர்களைக் கூப்பிடுங்கள். யார் முதலில் பேசுவது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். அப்போது தண்ணீரைப் பற்றியும் கேளுங்கள் சார்ஜன். புகார் வந்த நாளிலிருந்து எல்லாரும் என்னிடம் ஒரு பெயரைத்தான் கேட்கிறார்கள். தண்ணீரைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இதில் உள்ளவை நான் சொன்னவை, எனக்குத் தெரிந்தவரை உண்மை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. திருத்தம் எதுவும் இல்லை.

ஒப்பம்,
கத்தரின்