எலி விழுந்த வீடு

ஐயா, இந்த ஊரில் நல்ல வீடு கிடைப்பது இப்போது குதிரைக்கொம்புதான். பிளேக் வந்ததிலிருந்து பட்டாளத்தார் இருக்கும் தண்டுப் பக்கம் எல்லோரும் உயர்ந்த தளமும் காற்றோட்டமும் கேட்கிறார்கள். வீடு எங்கே இருக்கிறது? இருக்கிறவர்களைக் கொஞ்சம் நகர்த்திப் பார்ப்பதும் தரகன் வேலைதான்.

பிரிஜெட் இருந்தது அப்படியொரு வீடு. கான்வென்ட்டில் டீச்சர், கணவன் இல்லை, யூனிஸ் என்று ஒரே பெண். வாடகை தவறியதில்லை. வீட்டுக்காரர் ஸ்ரீகண்டனோ கூடுதல் வாடகைக்கு ஆள் பார்த்து வைத்துவிட்டார். ஒழுங்காக இருப்பவளை எந்த வாயால் காலி செய் என்பது? எனக்கே கூச்சமாக இருந்தது.

எலி செத்து விழுந்தால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பது உத்தரவு. தாயும் மகளும் கொஞ்ச நாள் ஊருக்கு வெளியே பிளேக் கேம்ப் கொட்டகையில் இருப்பார்கள், அதற்குள் வீடு கைமாறிவிடும். யாருக்கும் மனவருத்தம் இல்லை. ஒக்கலிபுரத்தில் பிளேக்கில் ஆள் போன வீட்டில் அப்போதுதான் விழுந்திருந்த எலியை இடுக்கியால் எடுத்துக் காகிதத்தில் சுற்றினேன். அவர்கள் பூசைக்குப் போயிருந்தபோது கொல்லைப்புறமாகப் போய் விறகுக்கு அடியில் வைத்தேன்.

பிரிஜெட் சுகாதார இன்ஸ்பெக்டரிடம் போகவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

"சிரில் அண்ணே, வீட்ல எலி விழுந்துச்சு. யூனிஸ்தான் வாலைப் புடிச்சுத் தூக்கிட்டு வந்தா. பொதைச்சுட்டேன். தெரிஞ்சா கேம்ப்புக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க, அப்புறம் இந்த வீடு எங்களுக்குக் கெடைக்காது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்களத்தான் நம்பியிருக்கேன்."

"சொல்லமாட்டேம்மா" என்றேன்.

எலி எங்கிருந்து வந்தது என்று சொல்லியிருந்தால் அப்போதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். ஆனால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பாளே. நான் இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொல்லியிருந்தாலும் அவளுக்கு என்மேல்தான் சந்தேகம் வந்திருக்கும். வாக்குத் தவறினவன் என்று பெயரெடுத்த தரகனை யார் வீட்டுக்குள் விடுவார்கள்?

அந்த வாரமே யூனிஸுக்குக் காய்ச்சல், அக்குளில் கட்டி. விசாரிக்கப் போனேன். உள்ளே போகவில்லை.

"யார்கிட்டயும் சொல்லலையே, அண்ணே?"

இல்லை என்றேன். டாக்டரைக் கூப்பிட்டால் விஷயம் வெளியே போய்விடும் என்று அவளே சொன்னாள், நான் மறுத்துப் பேசவில்லை. முதலில் குழந்தை போனது, பிறகு தாய்.

வீட்டுக்கு மருந்தடித்து வெள்ளையடித்தாயிற்று. புதிதாக வந்தவர்களுக்குத் திருப்தி. அழுகை வந்ததா என்று கேட்கிறீர்கள். வரவில்லை, ஐயா.

எலியை வைத்தது நான்தான். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: அந்தப் பெண் என்னை நம்பிச் சொன்னதை, அவள் கண்மூடும்வரை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.