தகரக் குழாயில் எலிக்கூடு

பரவையில் பஸ் கிளம்பியதும் முன் சீட்டுக்காரர் பக்கத்தில் இருந்த பெரியவரிடம் சொன்னார்: "எம் பொண்டாட்டி சேலைலதாண்ணே எலி குட்டி போட்டுருக்கு."

பெரியவர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

"கூலர்ல இருந்து ரூமுக்குக் காத்து வர்ற தகரக் குழாய்ணே. மழைக்காலத்துல குளிருக்குப் பழைய சேலையத் திணிச்சு அடைச்சோம். இன்னைக்கு உருவுனா, அம்புட்டும் புழுக்கை, மூத்திரம்."

"கழுவுனியா?"

"வெளக்கமாத்தால கூட்டிட்டுக் கூலரப் போட்டு விட்டேன்."

"அடப்பாவி, தூசி பூராம் ரூமுக்குள்ளல்ல போகும்! எலியால காய்ச்சல் வருதுன்னு டாக்டர் சொல்றாரு. பினாயில் ஊத்தி நனைச்சுத் துடைச்சு, குழாய் வாயில கம்பிவலை அடிக்கணும் தம்பி."

"வலை வாங்கத்தாண்ணே போறேன்."

"ரூம்ல யாரு இருக்கா?"

"சம்சாரம். பிள்ளை பெத்துப் பதினோரு நாளு. பயந்துருவான்னு எலி விஷயத்தச் சொல்லல."

"கூலர ஆஃப் பண்ணிட்டுத்தான வந்த?"

"கரண்டு போயி அதுவா நின்னுச்சுண்ணே. சுவிட்ச நான்..."

வெளியே டீக்கடையில் குழல்விளக்கு பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது.

"கண்டக்டரண்ணே, நிறுத்துங்க!" என்று கத்தியவர், பஸ் நிற்குமுன்னே குதித்து, வந்த வழியே ஓடினார்.