கரையைத் தின்றவனுக்கு எந்த நாட்டுச் சட்டம்?

மன்றத்தின் மாண்புமிகு தலைவர், அண்ணாச்சி வைகுண்டராஜ் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் சான்றோர்களே! ஆலைச் சங்கு ஊதியதும் நேரே இங்கு வந்துவிட்ட இராசபாளையத்துத் தோழர்களே! திருவில்லிபுத்தூரிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே! தலைதாழ்ந்த வணக்கம்.

பேரூழலை, எந்த நாடும் விசாரிக்கக்கூடிய உலகக் குற்றமாக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். நான் கான்சாபுரத்துக் கண்மாயைக் காட்டுகிறேன்.

வட்டாரத்துக் கண்மாய்களையெல்லாம் புதுப்பிக்கிறேன் என்று வந்தான் ஒருவன். அதிகாரம் அவன் கையில். அரசாங்கக் கஜானா அவன் பையில்! கல் வந்ததா? வரவில்லை. சிமெண்டு வந்ததா? வரவில்லை. மண்ணைக் குவித்து மேலே பூச்சுப் பூசினான். திறப்புவிழா மட்டும் தடபுடலாக நடந்தது.

ஐப்பசி அடைமழையில் கண்மாய் பெருகியது. தண்ணீர் நிறைந்தால் பெண்கள் மடையருகே பொங்கலிட்டுக் குலவை போடுவது அவ்வூர் வழக்கம். புதுக்கரை என்று நம்பிக் கூட்டமாக ஏறினார்கள். நம்பியதுதான் அவர்கள் செய்த பிழை! குலவைச் சத்தம் ஓயுமுன் கரை உடைந்தது. வெள்ளம் கொண்டுபோனவர்களில் ஒருத்தி பிச்சையம்மாள். அவள் கணவர் சோலைச்சாமி, இதோ, முன்வரிசையில் இருக்கிறார்.

அவனைப் பிடித்தார்களா என்று அங்கே ஒருவர் கேட்கிறார். எங்கே பிடிப்பது ஐயா? சோலைச்சாமி காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தார். கடைசியில் அதிகாரி சொன்னது இதுதான்: "அவரு வெளிநாட்டுக்குப் பிளேன் ஏறிட்டாரு. அங்க போயி நாங்க வெலங்கு மாட்ட ஏலாதுய்யா."

இங்கே ஆடு திருடியவன் திருவில்லிபுத்தூரில் ஒளிந்தால் அங்கே பிடிக்கிறார்கள். நடுக்கடலில் கப்பலைக் கொள்ளையடித்தவனை எந்த நாடும் கூண்டில் ஏற்றலாம். ஊரையே கொள்ளையடித்து உயிரையும் குடித்தவனுக்கு மட்டும் பங்களாவா? விருந்தா? களவுப்பணம் உள்ளே வரும்போது எல்லைக்கோடு பார்க்காத நாடு, கைது செய்யும்போது மட்டும் ஏன் பார்க்கிறது?

கை தட்டாதீர்கள். மேடையேறுமுன் சோலைச்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். இழப்பீடு கேட்கவில்லை, தூக்குக்கயிறும் கேட்கவில்லை. "எந்தத் தேசத்துல வச்சு அவன விசாரிச்சாலும் என்னைய ஒருதரம் கூப்பிடச் சொல்லுங்கய்யா. அவன் மொகத்தப் பாத்து அவ பேர நான் சொல்லணும்" என்றார்.

அந்தப் பெயரைக் கேட்க, இவ்வளவு பெரிய உலகத்தில் இன்றைக்கு ஒரு நீதிமன்றம் இல்லை. வேண்டும் என்போர் எழுந்து நில்லுங்கள்!

எழுந்து நிற்கும் உங்கள் அனைவருக்கும் என் நன்றி, வணக்கம்.